இரயிலடியில் மூன்று எழுத்து

(சிங்காரப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசவேண்டிய விஷயம் "எல்லைப்புறமும் இரயிலடியும்" என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் கடவுள், மதம், புராணம் என்று போடாமல் இதென்ன இரயிலடி என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அதிலும் இந்தச் சிங்காரப்பேட்டையில் இரயிலே கிடையாது. இரயில் ஏறவேண்டுமானால் சாமல்பட்டிக்கோ திருப்பத்தூருக்கோ போகவேண்டும். கண்ணால் காணாத பொருளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவது பக்தர்கள் தினமும் செய்கிற காரியந்தானே, நாமும் ஒருநாள் செய்தால் என்ன? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சாமல்பட்டிக்குப் போனால் இரயிலைப் பார்க்கலாம், தொடலாம், சீட்டு வாங்கினால் சொன்ன ஊரில் கொண்டுபோய் இறக்கியும் விடும்.

இங்கே கூடியிருக்கிற நம்மில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கன்னடக்காரர் இருக்கிறார்கள். உருது பேசும் முஸ்லிம் தோழர்களும் இருக்கிறார்கள். இது எப்படி வந்தது? யாரும் வரம் வாங்கி வந்ததல்ல. இந்த ஊர் ஒரு கணவாயின் வாயில் இருக்கிறது. செங்கம் கணவாய் என்றும் சிங்காரப்பேட்டைக் கணவாய் என்றும் சொல்லுகிற இந்த வழியாகத்தான் மேட்டுநாட்டுப் பட்டாளமும் வியாபாரியும் மாட்டுக்காரனும் கீழே இறங்கினார்கள். 1767ஆம் வருஷம் ஹைதர் அலியின் படையும் கும்பினிப் படையும் செங்கத்துக்குப் பக்கத்தில் மோதின. அப்போது பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சீமை 1792இல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் மைசூரிடமிருந்து கும்பினிக்குப் போயிற்று. ராஜாக்கள் மாறினார்கள், கணக்கு எழுதிய பாஷை மாறிற்று, குடிகள் மட்டும் தங்கள் தங்கள் பாஷையோடு அங்கங்கே இருந்து கொண்டார்கள். ஓசூர் என்கிறோமே, அது கன்னடத்தில் புது ஊர் என்று அர்த்தம். நம் பாஷையில் புதூர். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு ஒரு தலபுராணமும் வேண்டியதில்லை.

இனி இரயிலுக்கு வருவோம். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பாதை போட்டார்கள். அதற்குப் பிறகு 1876 முதல் 1878 வரையில் தாதுவருஷப் பஞ்சம் வந்தது. சேலம் ஜில்லாவில் ஜனங்கள் ஈசல் மாதிரி மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தில் இரயிலும் யோக்கியமாக நடந்து கொண்டதென்று நாம் சொல்லமாட்டோம். ஜனங்கள் பட்டினி கிடக்கும்போதே தானியத்தை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கும் போயிற்று. இரயில் ஒரு யந்திரம். அதைப் பிடித்திருக்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதும் கெட்டதும் செய்யும். இதை மறந்து யந்திரத்தைக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். பழம் நசுங்குகிறதே தவிர வண்டிக்கு அதனால் ஒரு நன்மையும் உண்டாவதில்லை.

பஞ்சத்துக்குப் பிறகு ஒரு கமிஷன் உட்கார்ந்து, மழை பொய்க்கிற சீமைகளுக்குத் தானியம் கொண்டுபோக இரயில் போடவேண்டும் என்று 1880இல் சொல்லிற்று. அப்படி வந்தவைதான் நம் பக்கத்துச் சின்ன இரயில்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் ஒன்று. அது 1913இல் ஓசூர் வரைக்கும் போயிற்று. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். வயதான பாட்டன்மார் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம். அந்த இரண்டும் 1941இல், யுத்த காலத்தில், நிறுத்தப்பட்டு விட்டன. ஓசூருக்கும் தர்மபுரிக்கும் பின்னாளில் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டத்துக்கே தலைநகர் ஆகியும் இன்றுவரை அந்தப் பட்டணத்துக்கு இரயிலடி இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதைப் பேசுகிறார்கள்.

இந்த 1941 என்கிற வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அந்த வருஷத்தில்தான் இன்னொரு காரியமும் நடந்தது.

இரயில் வந்த புதிதில் ஜாதிமான்களுக்குப் பெரிய சங்கடம் வந்தது. தெருவில் எதிரே வரக்கூடாது, நிழல் படக்கூடாது என்று யாரை விலக்கி வைத்திருந்தார்களோ அவன் அணாக்கணக்கில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, பக்கத்துப் பலகையிலேயே வந்து உட்கார்ந்து விட்டான். ஜாதிக்கொரு பெட்டி போடவேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஏன்? அவனுக்கு சமத்துவத்தில் ஆசையா? இல்லை. தன் நிறத்தவனுக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கியவன்தான் அவன். ஜாதிக்கொரு பெட்டி என்றால் பெட்டிக்குக் கணக்கில்லாமல் போய்விடும், இலாபம் கெட்டுவிடும். அவ்வளவுதான். உடனே சாஸ்திரமும் இளகிவிட்டது. பிரயாணத்தில் தோஷமில்லை, வீட்டுக்குப் போய் ஸ்நானம் செய்தால் தீர்ந்தது என்றார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக அசையாத தர்மம், கால்நடையாகப் போகிற கஷ்டத்தைக் கண்டவுடன் அசைந்து கொடுத்து விட்டது!

இராகுகாலமும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பத்தரை முதல் பன்னிரண்டு வரையில் இராகுகாலம். ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் மேற்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் மேற்கே போகிற வண்டியில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். நெற்றி நிறைய விபூதி பூசியவரும், தடித்த நாமம் போட்டவரும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போகிறார்கள். கல்யாணத்துக்கும் கடைக்கால் போடவும் பார்க்கிற நேரத்தை இரயிலுக்குப் பார்ப்பதில்லை. ஏனென்றால் இரயில் நமக்காகக் காத்திராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பெட்டிக்குள்ளே தோற்ற ஜாதி, பிளாட்பாரத்தில் இறங்கினவுடன் மீசையை முறுக்கிற்று. பெரிய ஸ்டேஷன்களிலெல்லாம் சாப்பாட்டு விடுதியில் பிராமணர்களுக்கென்று தனி இடம், மற்றவர்களுக்கென்று வேறு இடம். வடக்கே பல ஸ்டேஷன்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று குடிதண்ணீரிலேயே மதம் பார்த்தார்கள். ஒரே விலைக்குச் சீட்டு வாங்கி, ஒரே பலகையில் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுந்து வந்த இரண்டு பேரை, இட்டலி தின்கிற இடத்தில் மட்டும் பிரித்து வைத்தார்கள். "குடிஅரசு"வும் "விடுதலை"யும் இதைக் கண்டித்து எழுதாத காலமில்லை. பெரியார் பேசாத மேடையில்லை. இரயில் சர்க்காருக்கும் பணம், அதில் சாப்பிடுகிறவனும் பணம் கொடுக்கிறவன், இதில் பூணூலுக்கு என்ன தனி மரியாதை என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் 1941இல்தான் அந்தப் பேதம் இந்தப் பக்கத்து இரயிலடிகளில் ஒழிந்தது. கிருஷ்ணகிரிக்காரன் சமமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று உத்தரவு வந்த வருஷத்திலேயே கிருஷ்ணகிரியில் இரயிலடி இல்லாமல் போயிற்று என்பது வேறு விஷயம்.

நிற்க. இது பழைய கதை. இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். சமீபத்தில் பெங்களூரிலிருந்து பகல் பாசஞ்சரில் வந்தோம். அந்தப் பாதையில் ஒரு வேடிக்கை உண்டு. பங்காருப்பேட்டையில் பெயர்ப்பலகையின் முதல் எழுத்து கன்னடம். பெளரிங் என்ற வெள்ளைக்காரக் கமிஷனர் பெயரால் பெளரிங்பேட்டையாக இருந்த ஊர் அது. கொஞ்ச நேரம் போனால் குப்பம். அங்கே முதல் எழுத்து தெலுங்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜோலார்ப்பேட்டை, அங்கே தமிழ். இரண்டாவது வரியில் ஹிந்தியும் மூன்றாவது வரியில் இங்கிலீஷும் மாறாமல் நிற்கும். ஒரு முறுக்கு விற்கிற அம்மாள் ஏறினார்கள். பங்காருப்பேட்டையில் கன்னடத்தில் விலை சொன்னார்கள். குப்பத்தில் ஏறினவர்களிடம் தெலுங்கில் சொன்னார்கள். நம்மிடம் தமிழில் சொன்னார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் அம்மா என்று கேட்டோம். பள்ளிக்கூடமா, முறுக்கு விற்க வேண்டுமே என்றார்கள். நம்முடைய கல்வி மந்திரிகளுக்கெல்லாம் இந்த அம்மாள் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

எதிரே ஒரு குடும்பம். கிழவி தமிழ் பேசினாள், மருமகள் தெலுங்கு பேசினாள், பேரன் கன்னடத்தில் சண்டை போட்டான். யாரும் யாரையும் தவறாக நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் பேச்சுக் கொடுத்தார். ஊர் கேட்டார், தொழில் கேட்டார், கடைசியில் தெலுங்கில், "மீரு ஏமிட்லு?" என்றார். புரிந்தும் புரியாதது போல் இருந்தோம். பேரனின் தகப்பன் நமக்கு உதவி செய்வதாக நினைத்து, "நீவு யாவ ஜன?" என்று கன்னடத்தில் கேட்டான். அதற்கும் நாம் வாய் திறக்காததைக் கண்டு கிழவி தமிழில் போட்டு உடைத்தாள்: "நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்கறாங்க சாமி!"

தோழர்களே! மூன்று பாஷைக்கும் மூன்று எழுத்து. அரிசிக்கு மூன்று பெயர், தண்ணீருக்கு மூன்று பெயர். ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும் மூன்றிலும் இருக்கிறது. மூன்றிலும் ஜாதி என்ற சொல்லை வாயால் சொல்லாமலே ஜாதியைக் கேட்கிற சாமர்த்தியமும் இருக்கிறது. மூன்றிலும் அது கேட்கப்படுவது ஊரும் தொழிலும் கேட்டு முடித்த பிறகு, மூன்றாவதாக. பாஷை தெரியாதவன் வந்தால் கற்றுக் கொடுக்கிறோம். ஜாதி தெரியாதவன் வந்தால் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டோம் என்கிறோம்.

இதைச் சொல்லும்போது ஒரு நண்பர், "பாஷைகளெல்லாம் சமம் என்கிறீர்களே, உங்கள் இயக்கம் இரயிலடியில் ஹிந்தி எழுத்தில் மட்டும் தார் பூசியது ஏன்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். பூசியது உண்மை. 1952 ஆகஸ்டு 1ந் தேதி பெரியார் சொல்லித் தோழர்கள் பூசினார்கள். அடுத்த வருஷங்களிலும் பூசினார்கள். ஆனால் முறுக்கு விற்கிற அம்மாளின் தெலுங்கில் யாராவது தார் பூசினார்களா? பெரியாருக்கு வீட்டுப் பாஷையே கன்னடந்தான். அவர் கன்னடத்தையா வெறுத்தார்? பிழைப்புக்காகவும் சிநேகிதத்துக்காகவும் ஒருவன் கற்றுக் கொள்ளுகிற பாஷை வேறு. நீ இதைப் படித்தால்தான் பாஸ், படிக்காவிட்டால் பெயில் என்று சர்க்கார் கம்பை ஓங்கித் திணிக்கிற பாஷை வேறு. 1938இல் ஹிந்தியைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயமாக்கினவர் ராஜகோபாலாச்சாரியார். அவர் பிறந்த தொரப்பள்ளி எங்கே இருக்கிறது? இதே ஓசூர்ப் பக்கம். பிள்ளைப் பிராயத்திலேயே தமிழும் கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்த மண்ணில் பிறந்தவர். அந்தச் சந்தைப் பாஷைகள் வந்தமாதிரி ஹிந்தியும் தானாக வரட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தில் செத்தார்கள். 1940இல் உத்தரவு வாபசாயிற்று. பின்னாளில் ஆச்சாரியாரே ஹிந்தி ஆட்சிமொழி ஆகக் கூடாது என்று பேசினார்.

ஆகவே இன்று ஓசூரிலும் பர்கூரிலும் ஆலைகளில் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மூட்டையோடு இறங்குகிற பையனை ஹிந்திக்காரன் என்று முறைக்காதீர்கள். அவன் ஹிந்தியைத் திணிக்க வரவில்லை. வயிற்றைத் திணித்துக்கொண்டு வந்திருக்கிறான். உங்கள் பாட்டன் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும் கண்டிச் சீமைக்கும் போன மாதிரி வந்திருக்கிறான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளை வெட்டிப் போடுகிறார்கள் என்று கைப்பேசியில் ஒரு புரளி கிளம்பிற்று. எங்கெங்கோ எப்போதோ எடுத்த படங்களைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். அது பொய்யென்று போலீசார் சொல்லுவதற்குள் எத்தனையோ ஏழைகள் பயந்து ஊருக்கு இரயிலேறிவிட்டார்கள். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று 1995இல் கிளம்பிய புரளிக்கும் இதற்கும் என்ன பேதம்? அதில் பால் வீணாயிற்று. இதில் கூலி வீணாயிற்று.

பாஷையினால் ஒரு தீங்கும் இல்லவே இல்லை என்றும் நாம் சாதிக்க வரவில்லை. காவிரிக்காக 1991இல் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 2016 செப்டம்பரில் பஸ்களைக் கொளுத்தினார்கள். அப்போது பஸ் ஓடாமல் அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் நடுவே மூட்டை முடிச்சோடு ஜனங்கள் கால்நடையாக எல்லையைக் கடந்தார்கள். இரு தரப்பிலும் அதைத் தூண்டிவிட்டு வோட்டுப் பொறுக்கினவர்கள் உண்டு. ஆனால் ஒன்று பாருங்கள். கலகம் ஓய்ந்தவுடன் அந்த அம்மாள் மறுபடியும் மூன்று பாஷையில் முறுக்கு விற்கிறாள். பாஷைக் கலகம் ஜுரம் மாதிரி, ஏறும், இறங்கும். ஜாதி அப்படியில்லை, அது இறங்குவதேயில்லை.

இந்தத் தண்டவாளத்தையே கேட்டுப் பாருங்கள். 2012 நவம்பரில் தர்மபுரிப் பக்கம் நத்தம் காலனியையும் அக்கம் பக்கத்துக் காலனிகளையும் கொளுத்தினார்கள். ஒரு காலனிப் பையனும் வேறு ஜாதிப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. அந்தப் பையன் 2013 ஜூலையில் தர்மபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்றே சர்க்கார் விசாரணை சொல்லிற்று. அவனைச் சாவு வரையில் துரத்தியது எது என்பதற்கு எந்த விசாரணையும் தேவையில்லை. 2015 ஜூனில் நாமக்கல் ஜில்லாவில் ஒரு படித்த வாலிபன் ஒரு பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தான். அது கொலை என்று 2022இல் கோர்ட்டார் தீர்ப்புச் சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2018இல் ஓசூர்ப் பக்கத்துக் காதல் ஜோடி ஒன்றைக் கையைக் காலைக் கட்டிக் கர்நாடக எல்லைக்குள் காவிரியில் தள்ளிவிட்டார்கள். பெண்ணைப் பெற்ற தகப்பனே கைதானான். இவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஏப்ரலில் நம் ஊத்தங்கரைப் பக்கத்திலேயே, மகன் தாழ்ந்த ஜாதிப் பெண்ணைக் கட்டினான் என்று, மகனையும் தடுக்க வந்த தன்னைப் பெற்ற தாயையும் வெட்டிக் கொன்றதாக ஒருவன் கைதானான். அந்த மருமகளும் வெட்டுப்பட்டாள்.

இதில் எந்தச் சாவாவது பாஷையினால் வந்ததா? அந்த வாலிபனும் அந்தப் பெண்ணும் ஒரே தமிழ்தான் பேசினார்கள். வெட்டினவனும் அதே தமிழ்தான். தாய்மொழி ஒன்று, சாமி ஒன்று, ரேஷன் கடை ஒன்று. காவிரித் தண்ணீருக்காகக் கன்னடக்காரன் மேல் பாய்கிறவன், அதே காவிரியில் தன் பெண்ணைத் தள்ளிவிட அதே கன்னடச் சீமைக்குக் காரோட்டிக் கொண்டு போனான். அன்றைக்கு அவனுக்கு எல்லைக்கோடு தெரியவில்லை!

ஆகையால் இங்கே வந்திருக்கிற தகப்பன்மார்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் பிள்ளை ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறான். பெண்ணும் தினம் இரயிலேறி ஆலைக்கோ காலேஜுக்கோ போகிறாள். பக்கத்தில் உட்காருகிறவன் யாரென்று சீட்டில் அச்சடித்திருக்கவில்லை. ஒருநாள் போன் பண்ணி, ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்கிறார்கள். நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? என்ன சம்பளம், குடிப்பானா, நல்ல குணமா என்றா? மருமகள் கன்னடம் பேசினால் சமாளித்துக் கொள்ளுவீர்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் அது புதிதல்ல. இரயிலில் அந்தக் கிழவி கேட்ட கேள்வியைத்தான் கேட்பீர்கள். அதைக் கேட்காமல் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு, மறுநாள் பையனையும் பெண்ணையும் வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு வேளை சாப்பாடு போட்டுப் பாருங்கள் என்கிறோம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஊத்தங்கரைப் பாட்டி படித்தவளல்ல, நம் இயக்கக்காரியும் அல்ல. பேரனுக்குக் குறுக்கே நின்றாள். ஜாதி பெரிதா பேரன் பெரிதா என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பையன்களும் பெண்களும் பயப்பட வேண்டாம். புரோகிதனும் இல்லாமல், நெருப்பும் இல்லாமல் செய்கிற சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று அண்ணாதுரை மந்திரிசபை 1967இல் சட்டம் செய்தாகிவிட்டது. அதைப் பதிவு செய்து சான்று வாங்கலாம். மிரட்டல் இருந்தால் போலீசாரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் இந்த ஊரிலும் ஊத்தங்கரையிலும் உள்ள தோழர்களிடம் சொல்லுங்கள். பதிவு ஆபீஸ் வரைக்கும் கூட வருவார்கள்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். எந்தப் பாஷையில் எழுதினாலும் சரி, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.